பாதுகாப்பு லைப்ரரியை ஃபோர்க் செய்து பெயர் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திறமூலப் பாதுகாப்பு லைப்ரரி ஒன்றை ஃபோர்க் செய்து (நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாகப் பிரித்து), புதுப் பெயர் வைத்து, உள்ளே இருக்கும் நிரலையும் செப்பனிட நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன் எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்த லிப்ரெ எஸ்எஸ்எல், அதே வேலையைச் செய்யும், இரண்டு முறை பெயர் மாறிய எம்பெட் டிஎல்எஸ், பைத்தானின் கிரிப்டோ லைப்ரரியான பைகிரிப்டோவின் இடத்துக்கு வந்த பைகிரிப்டோடோம் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் உதாரணமாக வரும். பல கேள்விகளுக்கு இடத்துக்குத் தகுந்த மாதிரிதான் பதில் சொல்ல முடியும். ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை: பெயர் மாற்றுவது ஒரு வேலை, நிரலைச் செப்பனிடுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே கமிட்டில், அதாவது நிரல் வரலாற்றின் ஒரே பதிவில், கலக்கக் கூடாது.

ஃபோர்க் செய்தால் பெயரை மாற்றியே ஆக வேண்டுமா?

பெரும்பாலும் ஆமாம். முதலில் உரிமத்தைத் திறந்து படியுங்கள். 3.0 பதிப்புக்கு முன்பு வரை ஓப்பன் எஸ்எஸ்எல் தனக்கென ஓர் உரிமம் வைத்திருந்தது. இந்த மென்பொருளிலிருந்து உருவாகும் எதற்கும் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் ஓப்பன் எஸ்எஸ்எல் என்று பெயர் வைக்கக் கூடாது, பெயரின் ஒரு பகுதியாகக்கூட அது வரக் கூடாது என்று அதில் நேரடியாகவே எழுதியிருந்தது. 2021-இல் 3.0 வந்தபோது அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறினார்கள். அப்பாச்சி உரிமமும் நிரலைத்தான் தருகிறது, வணிகக் குறியைத் தருவதில்லை.

இன்னும் சுவாரசியமானது, தொலைவில் இருக்கும் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சின் கதை. டாட்டு யிலோனென் எழுதிய முதல் எஸ்எஸ்ஹெச்சின் பழைய உரிமம், மாற்றிய பதிப்புகளை மாற்றியவை என்று தெளிவாகக் குறிக்கச் சொன்னது. அப்படி மாற்றியது நெறிமுறை விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் எஸ்எஸ்ஹெச் என்ற பெயரையே பயன்படுத்தக் கூடாது என்றது. ஒத்துப்போனால் பெயர் வைத்துக்கொள்ளலாம். 1999-இல் ஓப்பன் பிஎஸ்டி இயங்குதளத்தின் குழு அந்தப் பழைய 1.2.12 பதிப்பின் வழிவந்த நிரலிலிருந்து ஓப்பன் எஸ்எஸ்ஹெச்சை உருவாக்க முடிந்ததற்கு இந்தத் தாராள உரிமம்தான் காரணம். பெயரை நடத்தையோடு கட்டிப்போட்ட அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்தது. பாதுகாப்பு மென்பொருளில் பெயர் என்பது ஒரு வாக்குறுதி.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் மாற்றுவதே நியாயம். நீங்கள் வெளியிட்ட பதிப்பில் ஓட்டை வந்தால் அந்தப் பழி மூலத் திட்டத்தின் மேல் விழக் கூடாது. அவர்களிடம் ஓட்டை வந்தால் அது உங்களையும் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது என்பதிலும் குழப்பம் இருக்கக் கூடாது.

பெயர் எங்கெல்லாம் இருக்கிறது? ரீட்மீ கோப்பிலும் ரெப்போவிலும் மாற்றினால் போதாதா?

போதாது. ஒரு சி லைப்ரரியை எடுத்துக்கொண்டால், பேக்கேஜ் பெயரில் இருக்கும்; வட்டில் உட்காரும் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ போன்ற கோப்புப் பெயர்களில் இருக்கும்; ஹெடர் கோப்புகள் கிடக்கும் அடைவின் பெயரில் இருக்கும்; ஒவ்வொரு ஃபங்ஷனின் முன்னொட்டிலும், மேக்ரோக்களிலும், பிழைச் செய்திகளிலும், சூழல் மாறிகளிலும், கட்டமைப்புக் கோப்பின் பாதையிலும் இருக்கும். சில சமயம் பயனர் சேமித்து வைத்த தரவுக்குள்ளேயே இருக்கும். இவற்றை வெளிப்பெயர், உள்பெயர் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மனிதர்கள் படிப்பது வெளிப்பெயர். லிங்கரும் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி), கம்பைலரும், எதிர்முனைக் கணினியும் படிப்பது உள்பெயர். வெளிப்பெயரை முதல் நாளே மாற்றிவிடலாம். உள்பெயர் ஒவ்வொன்றுக்கும் தனியாக யோசிக்க வேண்டும்.

ஃபங்ஷன் பெயர்களை மாற்றலாமா, அப்படியே விடலாமா?

இதுதான் முக்கியமான முடிவு, இரண்டு பக்கத்திலும் பெரிய உதாரணங்கள் இருக்கின்றன.

லிப்ரெ எஸ்எஸ்எல் பெயர்களை மாற்றவில்லை. 2014 ஏப்ரல் 7-இல் ஓப்பன் எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானது. தெரிந்த ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்ணான சிவிஇயில் அதன் எண் சிவிஇ-2014-0160. எதிர்முனை சொல்லும் நீளத்தைச் சரிபார்க்காமல் நினைவகத்தை நகலெடுத்ததால், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது. சில நாட்களிலேயே ஓப்பன் பிஎஸ்டி குழு ஓப்பன் எஸ்எஸ்எல்லின் 1.0.1ஜி பதிப்பை எடுத்து லிப்ரெ எஸ்எஸ்எல் வேலையைத் தொடங்கியது. நோக்கம் தெளிவு: ஏற்கெனவே ஓப்பன் எஸ்எஸ்எல்லை நம்பி எழுதிய ஆயிரக்கணக்கான நிரல்கள் எதையும் மாற்றாமல் ஓட வேண்டும். அதனால் ஹெடர் அடைவு பழைய பெயரிலேயே இருந்தது, ஃபங்ஷன் பெயர்களும் கோப்புப் பெயர்களும் அப்படியே இருந்தன. 2014 நவம்பரில் வந்த ஓப்பன் பிஎஸ்டி 5.6-இல் அது சேர்ந்தே வந்தது, அங்கே மாற்றம் சுமுகமாக நடந்தது.

விலை பின்னால் தெரிந்தது. இரண்டு லைப்ரரிகளும் ஒரே பெயர்களை ஏற்றுமதி செய்வதால், ஒரே செயல்முறைக்குள் இரண்டும் வந்து சேர்ந்தால் யாருடைய ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்பது லிங்கரின் போக்கில் போய்விடும். ஒரே கணினியில் இரண்டின் ஹெடர்களையும் வழக்கமான இடத்தில் வைக்க முடியாது. பெயர்கள் ஒன்றாக இருந்தும் இரண்டு திட்டங்களும் ஆண்டுக்கு ஆண்டு விலகிப் போயின. ஆல்பைன் லினக்ஸ் 3.5-இல் லிப்ரெ எஸ்எஸ்எல்லுக்குப் போய் 3.9-இல் திரும்பிவிட்டது. ஜென்டூவும் வாய்டு லினக்ஸும் 2021-இல் விலகின. பைத்தான் 3.10 முதல் லிப்ரெ எஸ்எஸ்எல்லை ஆதரிப்பதில்லை. மேக் வைத்திருப்பவர்களில் பலர் பைத்தானில் யுஆர்எல்லிப்3 எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள்: ஓப்பன் எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேல் வேண்டும், ஆனால் உங்கள் எஸ்எஸ்எல் மாட்யூல் லிப்ரெ எஸ்எஸ்எல் 2.8.3-ஐக் கொண்டு கம்பைல் ஆகியிருக்கிறது என்று வரும். பெயர் மாறாத ஃபோர்க்கின் நீண்டகாலச் செலவு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

மறுபக்கம் எம்பெட் டிஎல்எஸ். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

நடுவில் ஒரு வழியும் உண்டு, பைகிரிப்டோடோம் எடுத்த வழி. ஒரே நிரலை இரண்டு பேக்கேஜாக வெளியிட்டார்கள். ஒன்று பழைய பைகிரிப்டோவின் இறக்குமதிப் பெயரான கிரிப்டோவையே எடுத்துக்கொள்ளும், பழைய நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடும். மற்றொன்றின் பெயரில் கடைசியில் ஓர் எக்ஸ் இருக்கும். அது கிரிப்டோடோம் என்ற தனி இறக்குமதிப் பெயரில் வரும், பழையதோடு மோதாது. முதல் பேக்கேஜையும் பழைய பைகிரிப்டோவையும் ஒரே சூழலில் நிறுவாதீர்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள், ஏனென்றால் இரண்டும் ஒரே அடைவில் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதிவிடும்.

என் கருத்து இது: நடத்தை மாறாது என்று உறுதி சொல்ல முடிந்தால் பழைய பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். நடத்தையை மாற்றப் போகிறீர்கள் என்றால் முன்னொட்டையும் மாற்றுங்கள். பழைய பெயருக்குப் பின்னால் புதிய நடத்தை இருப்பது, அதுவும் சான்றிதழ் சரிபார்ப்பு மாதிரியான இடத்தில், மிகவும் ஆபத்து.

எம்பெட் டிஎல்எஸ் எல்லாப் பெயர்களையும் எப்படி மாற்றியது?

இது எக்ஸ்ஒய் எஸ்எஸ்எல் என்று தொடங்கி, அதன் தொடர்ச்சியாகப் போலார் எஸ்எஸ்எல் ஆகி, 2014 நவம்பரில் ஏஆர்எம் நிறுவனம் வாங்கிய பிறகு எம்பெட் டிஎல்எஸ் ஆனது. சின்னச் சின்னச் சாதனங்களில் ஓடுவதற்காக எழுதியது.

போலார் எஸ்எஸ்எல் காலத்தில் பொது ஃபங்ஷன்களுக்கு முன்னொட்டே கிடையாது. எஸ்ஹெச்ஏ256 ஹாஷ் கணக்கிடும் ஃபங்ஷனின் பெயர் வெறுமனே எஸ்ஹெச்ஏ256 என்று இருந்தது. எம்டி5-க்கும் அதே கதை. இந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் உங்கள் நிரலிலும் இருக்கும், நீங்கள் சேர்த்த இன்னொரு லைப்ரரியிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இமேஜாக ஸ்டாட்டிக் லிங்க் செய்யும் சாதன உலகில் இது அன்றாடத் தலைவலி.

2015 ஜூலையில் வந்த 2.0-இல் எல்லாப் பொதுப் பெயர்களையும் எம்பெட் டிஎல்எஸ் முன்னொட்டின் கீழ் கொண்டுவந்தார்கள். ஒரே லைப்ரரியாக இருந்ததை கிரிப்டோவுக்கு ஒன்று, எக்ஸ்509 சான்றிதழ்களுக்கு ஒன்று, டிஎல்எஸ்ஸுக்கு ஒன்று என்று மூன்றாகப் பிரித்தார்கள். அதைவிட முக்கியம், பயனர்களைத் தெருவில் விடவில்லை. பழைய பெயர் இது, புதிய பெயர் இது என்று வரிக்கு ஒன்றாக எழுதிய ஒரு பட்டியல் கோப்பு, அந்தப் பட்டியலைப் படித்து உங்கள் நிரலில் பெயர்களை மாற்றித் தரும் ஒரு பெர்ல் ஸ்கிரிப்ட், நிரலையே தொட முடியாதவர்களுக்குப் பழைய பெயர்களைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் ஒரு ஹெடர் கோப்பு என மூன்றையும் லைப்ரரியோடேயே தந்தார்கள். அந்தப் பட்டியல் கோப்பைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். மனிதன் படிக்கலாம், ஸ்கிரிப்ட் படிக்கலாம், பத்து ஆண்டு கழித்துப் பழைய நிரலைக் கையில் எடுப்பவரும் படிக்கலாம்.

அதே பதிப்பில் பெயரால் சரிசெய்ய முடியாத மாற்றங்களும் வந்தன. ஒரே ஸ்ட்ரக்டில் இருந்த அமைப்புகளைத் தனி ஸ்ட்ரக்டாகப் பிரித்தார்கள், அதனால் இணைப்பைக் குறிக்கும் ஃபங்ஷன்கள் வேறு, அமைப்பைக் குறிக்கும் ஃபங்ஷன்கள் வேறு என்று ஆனது. கிளையன்ட் பக்கத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு இயல்பாகவே கட்டாயமாயிற்று. பழைய மறையாக்க முறையான ஆர்சி4 இயல்பு நிலையில் தடை செய்யப்பட்டது. பழைய பெயர்களைத் திருப்பிவிடும் ஹெடர் இதில் எதையும் சரிசெய்யாது, சரிசெய்யவும் கூடாது. சரிபார்ப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த நிரல் அன்றைக்கு உடைந்திருந்தால் அது நல்ல உடைதல்.

தேடி மாற்றும் கட்டளை ஒன்றை ஓட்டினால் வேலை முடிந்துவிடாதா?

முடியாது, கெடும். முதலில் கெடுவது பதிப்புரிமை வரிகள். நிரலை எழுதியவரின் பெயரும் மூலத் திட்டத்தின் பெயரும் இருக்கும் உரிமக் குறிப்பை ஓர் எழுத்துகூட மாற்றக் கூடாது. கண்மூடித்தனமாக ஓட்டிய கட்டளை அதையும் புதுப் பெயராக்கிவிட்டால், எழுதாதவர் எழுதியதாகப் பொய் சொன்னது போலாகும், உரிம மீறலும் ஆகும். அப்பாச்சி உரிமத்தில் மாற்றிய கோப்புகளில் மாற்றியதாகக் குறிப்பும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, கம்பியில் போகும் பெயர்கள். எஸ்எஸ்ஹெச் இணைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் தங்களுக்குத் தெரிந்த முறைகளின் பெயர்களைப் பரிமாறிக்கொள்ளும். அதில் கர்வ்25519 சாவிப் பரிமாற்ற முறையின் பெயர் ஒரு @ குறியும் அதன் பின்னால் லிப்எஸ்எஸ்ஹெச் என்ற வேறொரு எஸ்எஸ்ஹெச் லைப்ரரியின் இணைய முகவரியுமாக முடியும், ஏனென்றால் முதலில் அறிமுகப்படுத்தியது அந்தத் திட்டம். ஓப்பன் எஸ்எஸ்ஹெச்சும் அதே பெயரைத்தான் சொல்கிறது. நீங்கள் லிப்எஸ்எஸ்ஹெச்சை ஃபோர்க் செய்து, அந்தச் சொல் வரும் இடமெல்லாம் உங்கள் பெயரைப் போட்டால், உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு முறையின் பெயரை உங்கள் லைப்ரரி சொல்லும். எதிர்முனை வேறு முறைக்கு இறங்கும், அல்லது இணைப்பு அறுந்துவிடும். அது முத்திரைப் பெயர் அல்ல, நெறிமுறையின் ஒரு பகுதி.

பிறகு வட்டில் இருக்கும் பெயர்கள். கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டி வைக்கும் ட்ரூகிரிப்ட் மென்பொருளின் கொள்கலனில், மறையாக்கம் நீக்கிய தலைப்பில் ட்ரூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். கடவுச்சொல் சரியா என்று பார்ப்பதே அதை வைத்துத்தான். அதன் ஃபோர்க்கான வெராகிரிப்ட் அந்த இடத்தில் வெரா என்று மாற்றிக்கொண்டது, சாவி உருவாக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பல மடங்கு ஏற்றியது. அவர்கள் தெரிந்தே செய்தது அது: புதிய வடிவம், புதிய அடையாளம். பழைய கொள்கலன்களைத் திறக்க 1.0எஃப் பதிப்பில் தனி வழி கொடுத்தார்கள், 2023-இல் 1.26 வரிசையில் அதை நீக்கினார்கள். தெரியாமல் அந்த நான்கு எழுத்து மாறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் எல்லோருக்கும் தவறு என்று வரும்.

ஜாவாவில் இன்னொரு சிக்கல், கிளாஸ் பெயர்கள் சரங்களுக்குள் இருக்கும். ஆண்ட்ராய்டு தன்னோடு ஜாவா கிரிப்டோ லைப்ரரியான பவுன்சி காசிலின் வெட்டிய பதிப்பு ஒன்றைக் கொண்டிருந்ததால், முழு லைப்ரரியைச் சேர்த்தால் மோதியது. அதற்காகவே பிறந்தது ஸ்பாஞ்சி காசில். பேக்கேஜ் பெயரை மாற்றி, வழங்குநரின் குறும்பெயரையும் பிசியிலிருந்து எஸ்சி ஆக்கினார்கள். அங்கே ஒவ்வொரு வழிமுறையும் கிளாஸின் பெயரைச் சரமாக எழுதித்தான் பதிவாகிறது. ஐடிஇயின் பெயர் மாற்றும் வசதி அந்தச் சரங்களை விட்டுவிட்டால், கம்பைலர் ஒன்றும் சொல்லாது, ஓடும்போதுதான் விழும்.

ஆகவே மாற்ற வேண்டியவற்றின் பட்டியல் எவ்வளவு முக்கியமோ, மாற்றக் கூடாதவற்றின் பட்டியலும் அவ்வளவு முக்கியம்.

பெயர் மாற்றத்தையும் ரீஃபேக்டரிங்கையும் (நிரலைச் செப்பனிடுவதையும்) சேர்த்துச் செய்தால் நேரம் மிச்சம் ஆகாதா?

ஆகாது. பெயரை மட்டும் மாற்றிய கமிட்டைச் சரிபார்ப்பது மிக எளிது, அந்த எளிமையை ஏன் தூக்கி எறிய வேண்டும்? மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அதே கம்பைலர், அதே கொடிகளோடு கம்பைல் செய்யுங்கள். இரண்டு பக்கத்து ஆப்ஜெக்ட் கோப்புகளையும் பிரித்து, இயந்திரக் கட்டளைகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஃபங்ஷன் பெயர்கள் குறியட்டவணையில்தான் இருக்கின்றன, கட்டளைகளில் இல்லை. அதனால் கட்டளைகள் ஒத்துப்போக வேண்டும். வேறுபாடு வந்தால், கோப்பின் பெயரையோ வரி எண்ணையோ பிழைச் செய்திக்காகச் சேர்க்கும் மேக்ரோக்களும், நீளம் மாறிய சரங்களும்தான் காரணமாக இருக்க வேண்டும். அதையும் தாண்டி ஏதாவது மாறியிருந்தால் அது பெயர் மாற்றம் மட்டும் இல்லை, நின்று பார்க்க வேண்டும். பத்தாயிரம் வரி மாறிய கமிட்டை மனிதக் கண்ணால் படிப்பதைவிட இது நம்பகமானது. ரீஃபேக்டரிங்கும் கலந்துவிட்டால் இந்தச் சோதனையே செய்ய முடியாது.

இன்னொரு காரணம், நிரலின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவியான கிட். கோப்பின் பெயர் மாறியதை கிட் எங்கும் குறித்து வைப்பதில்லை. இரண்டு கோப்புகளின் உள்ளடக்கம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்த்து ஊகிக்கிறது, இயல்பு எல்லை 50 சதவீதம். கோப்பை நகர்த்தி, பெயர்களை மாற்றி, உள்ளேயும் திருத்தினால் அந்த எல்லைக்குக் கீழே போய், பழைய கோப்பு அழிந்தது, புதியது பிறந்தது என்றுதான் பதிவாகும். அதன் பிறகு மூலத் திட்டத்திலிருந்து வரும் பேட்ச் எதுவும் தானாகப் பொருந்தாது. எனவே கோப்புகளை நகர்த்துவதை ஒரு கமிட்டிலும், பெயர்களை மாற்றுவதை அடுத்த கமிட்டிலும் செய்யுங்கள். கிட் 2.23 முதல், இப்படிப்பட்ட கமிட்டுகளின் எண்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஒரு வரியை யார் எழுதினார் என்று பார்க்கும்போது அவற்றைத் தவிர்க்கச் சொல்லலாம். பாதுகாப்பு நிரலில் ஒரு வரி ஏன் இருக்கிறது என்று தேடிப் போகிறவருக்கு அது பெரிய உதவி.

பழைய, தேவையில்லாத நிரலை வெட்டினால் பாதுகாப்பு கூடும்தானே?

பெரும்பாலும் கூடும், லிப்ரெ எஸ்எஸ்எல்லே சாட்சி. முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 90,000 வரி சி நிரல் போய்விட்டது. விஎம்எஸ், ஓஎஸ்/2, நெட்வேர், பழைய மேக், 16-பிட் விண்டோஸ் என்று யாரும் ஓட்டாத தளங்களுக்கான நிரல் அது. அதைவிடப் பெரிய நன்மை, ஓப்பன் எஸ்எஸ்எல் வைத்திருந்த சொந்த நினைவக மேலாண்மையை நீக்கியது. விடுவித்த நினைவகத்தை அது தன்னிடமே வைத்திருந்து மறுபடி கொடுத்ததால், இயங்குதளத்தின் நினைவகப் பாதுகாப்புகள் எதுவும் அதற்குள் எட்டவில்லை. பிழைகள் ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்தன.

ஆனால் வெட்டும் கத்தி இரண்டு பக்கமும் கூர். டெபியனில் 2006-இல் நடந்ததை எல்லா மெயின்டெய்னரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவி, ஓப்பன் எஸ்எஸ்எல்லின் சீரற்ற எண் உருவாக்கியில் தொடக்க மதிப்பில்லாத நினைவகத்தைப் படிப்பதாக எச்சரித்தது. எச்சரிக்கையை நிறுத்த டெபியன் பேக்கேஜில் அந்த வரியை நீக்கினார்கள். அதே மாதிரி இருந்த இன்னொரு வரியும் போனது, உண்மையான சீரற்ற தரவு உள்ளே போனது அந்த வழியாகத்தான். மிஞ்சியது செயல்முறை எண் மட்டும். அதாவது ஒரு வகைச் சாவிக்கு 32,768-க்கும் மேல் வேறு சாவி வர வாய்ப்பே இல்லை. 2008 மே மாதம் வெளியே தெரியும் வரை உலகமெங்கும் அந்தப் பலவீனமான சாவிகள் உருவாகிக்கொண்டிருந்தன. இரண்டு வரிகள்.

லிப்ரெ எஸ்எஸ்எல்லுக்கும் ஒன்று நடந்தது. சீரற்ற எண்களுக்குப் பழைய நிரலை எடுத்துவிட்டு ஓப்பன் பிஎஸ்டியின் முறையைக் கொண்டுவந்தார்கள். ஓப்பன் பிஎஸ்டியில் கெர்னலே துணை நிற்பதால் அது சரியாக ஓடும். 2014 ஜூலையில் லினக்ஸுக்கான முதல் வெளியீடுகள் வந்தபோது, செயல்முறை பிரிந்ததா என்பதைச் செயல்முறை எண் மாறியதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டன. பேரன் செயல்முறைக்குத் தாத்தாவின் எண்ணே மறுபடி கிடைத்தால், இரண்டும் ஒரே சீரற்ற எண்களைத் தரும் என்று ஒரு ஆய்வாளர் காட்டினார். 2.0.2-இல் உடனே சரிசெய்தார்கள். அதே நிரல் ஒரு தளத்தில் பாதுகாப்பு, இன்னொன்றில் ஓட்டை. நீக்கும் ஒவ்வொரு வரிக்கும், இது எந்தத் தளத்தில் என்ன வேலை செய்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே கை வையுங்கள்.

கிரிப்டோ நிரலைச் செப்பனிடும்போது குறிப்பாக எதில் கவனம் வேண்டும்?

அசிங்கமாகத் தெரியும் நிரல்களில். இரண்டு பைட் வரிசைகளை ஒப்பிடும் சுற்று, வேறுபாடு தெரிந்த பிறகும் கடைசி வரை ஓடிக்கொண்டிருக்கும். முதல் வேறுபாட்டிலேயே வெளியே வந்தால் என்ன என்று தோன்றும். வரக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்தே எத்தனை பைட் சரி என்று தாக்குபவர் அளந்துவிடுவார். அதே மாதிரி, சாவியை அழிக்கச் சாதாரண நினைவகம் நிரப்பும் ஃபங்ஷனைப் போட்டால், பிறகு யாரும் அந்த நினைவகத்தைப் படிக்கவில்லை என்று கம்பைலர் அந்த வரியையே நீக்கிவிடலாம். அதற்கென்றே தனி ஃபங்ஷன்கள் இருக்கின்றன. இவற்றை அழகான வடிவத்துக்கு மாற்றும் ஆசை வந்தால், பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிவிட்டு விலகிப் போங்கள்.

டெஸ்ட்களில், சரியான உள்ளீட்டுக்குச் சரியான விடை வருகிறதா என்பது பாதிதான். தவறான கையெழுத்து, உடைந்த சான்றிதழ், வளைகோட்டில் இல்லாத புள்ளி எல்லாவற்றையும் லைப்ரரி மறுக்கிறதா என்பது மறுபாதி. கூகுள் 2016-இல் வெளியிட்ட வைச்பிரூஃப் டெஸ்ட் தொகுப்பு இதற்கு மிக நல்லது. ஃபோர்க்குக்கு ஒரு வசதி கூடுதலாக உண்டு: ஒரே உள்ளீட்டை மூலத் திட்டத்துக்கும் உங்களுடையதற்கும் கொடுத்து, விடை வேறுபடும் இடத்தைத் தேடலாம்.

இயல்பு மதிப்புகளை மாற்றலாமா?

பாதுகாப்பை இறுக்கும் பக்கம் மாற்றலாம், சத்தமாக மாற்றுங்கள். பழைய பைகிரிப்டோவில் ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையைப் பயன்முறை சொல்லாமல் கூப்பிட்டால் பேசாமல் இசிபி பயன்முறையில் ஓடியது. இசிபியில் ஒரே மாதிரித் தரவுத் துண்டு ஒரே மாதிரி மறைக்குறியாக வரும், பாதுகாப்பே இல்லை. பைகிரிப்டோடோமில் பயன்முறையைச் சொல்லாவிட்டால் பிழை வரும். நிரல் உடையும், உடைந்தவர் யோசிப்பார். இதுதான் சரி.

பதிப்பு எண்ணை எங்கிருந்து தொடங்குவது?

மூலத் திட்டத்தின் எண் வரிசையில் உங்கள் எண்ணைச் செருகாதீர்கள். லிப்ரெ எஸ்எஸ்எல் 2.0.0 என்று தொடங்கியது. ஓப்பன் எஸ்எஸ்எல்லின் பதிப்பைச் சொல்லும் மேக்ரோவையும் 2.0-க்குரிய மதிப்பில் நிறுத்தி வைத்து, தன் சொந்தப் பதிப்புக்குத் தனி மேக்ரோ வைத்துக்கொண்டது. 2016-இல் ஓப்பன் எஸ்எஸ்எல் 1.1.0 வந்து ஸ்ட்ரக்டுகளின் உள்ளே யாரும் நேரடியாகக் கை வைக்க முடியாதபடி செய்தது. உலகமெங்கும் நிரல்களில் பதிப்பு 1.1.0-க்கு மேலா என்று பார்த்து, மேல் என்றால் புதிய ஃபங்ஷன்களைக் கூப்பிடும் வரிகள் வந்தன. 2.0 என்பது 1.1.0-க்கு மேல்தான். ஆனால் அந்தப் புதிய ஃபங்ஷன்கள் அப்போது லிப்ரெ எஸ்எஸ்எல்லில் இல்லை, கம்பைல் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் 'லிப்ரெ எஸ்எஸ்எல்லாக இல்லாவிட்டால்' என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டியதாயிற்று. பதிப்பு எண்ணைப் பார்க்காமல், தேவையான ஃபங்ஷன் இருக்கிறதா என்று சோதிக்கும்படி உங்கள் பயனர்களுக்குச் சொல்லுங்கள்.

மூலத் திட்டத்தில் புதிய ஓட்டை தெரிந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

யாரும் உங்களைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். 2014 ஜூனில் சிவிஇ-2014-0224 வெளியானபோது, லிப்ரெ எஸ்எஸ்எல் குழுவுக்கு முன்கூட்டித் தகவல் வரவில்லை. மற்றவர்களோடு சேர்ந்துதான் தெரிந்துகொண்டு சரிசெய்தார்கள்.

பெயர் மாறினால் ஓட்டை ஸ்கேனர்களுக்கும் உங்களைத் தெரியாது. அவை பெரும்பாலும் பேக்கேஜ் பெயரையும் பதிப்பு எண்ணையும் வைத்துத்தான் தேடும். மூலத் திட்டத்தின் பெயரில் பதிவான ஓட்டை உங்கள் பேக்கேஜில் இருந்தாலும் அறிக்கை சுத்தமாக வரும். பயனர் நிம்மதியாக இருப்பார், அதுதான் பயங்கரம். எந்தக் கமிட்டிலிருந்து பிரிந்தோம், பிறகு எந்தெந்த சிவிஇக்கு என்ன செய்தோம், எது நம்மைப் பாதிக்காது, ஏன் பாதிக்காது என்பதை ரெப்போவிலேயே ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

பிரிந்து எத்தனை ஆண்டு ஆனாலும் இந்தக் கடமை போகாது. 2022 மார்ச்சில் வெளியான சிவிஇ-2022-0778 ஓப்பன் எஸ்எஸ்எல்லில் வர்க்கமூலம் கணக்கிடும் ஒரு ஃபங்ஷனில் இருந்தது. பகா எண் அல்லாததைக் கொடுத்தால் சுற்று முடியவே முடியாது. தவறாக உருவாக்கிய ஒரு சான்றிதழால் சர்வரை முடக்கலாம். லிப்ரெ எஸ்எஸ்எல் பிரிந்து ஏறத்தாழ எட்டு ஆண்டு ஆகியும் அதே ஓட்டை அங்கேயும் இருந்தது. ஃபங்ஷனின் பெயர் அங்கே மாறாமல் இருந்ததால் தேடினால் உடனே கிடைத்தது, 3.5.1 உள்ளிட்ட வெளியீடுகளில் திருத்தமும் வந்தது. உள்ளே யாருக்கும் தெரியாத ஃபங்ஷன்களின் பெயரை வீணாக மாற்றாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

பழைய பெயரை விட்டுவிடலாமா?

உங்கள் கையில் இருந்தால் விடாதீர்கள். பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைப்பிஐ மாதிரியான இடங்களில் ஒரு பேக்கேஜை அழித்துவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் பதிவு செய்துகொள்ள முடியும். பழைய கட்டளையை மனப்பாடமாக அடிக்கிற பயனருக்கு வேறொருவர் நிரல் போய்ச் சேரும். கடைசியாக ஒரு பதிப்பு வெளியிட்டு, புதிய பெயரைச் சொல்லும் எச்சரிக்கையோடு அங்கேயே வைத்திருங்கள்.

கையில் இல்லை என்றால் ஒப்படைப்பு நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கோ மொழியில் பயனரை அடையாளம் காட்டும் டோக்கன்களைக் கையாளும் ஜேடபிள்யூடி-கோ லைப்ரரிக்கு அப்படித்தான் நடந்தது. டோக்கன் யாருக்கானது என்ற சரிபார்ப்பைத் தாண்டிப் போகக்கூடிய சிவிஇ-2020-26160 ஓட்டை திருத்தப்படாமல் கிடந்தது. 2021-இல் அந்த லைப்ரரி ஒரு சமூகக் குழுவின் கீழ் புதிய முகவரிக்கு மாறியது. முதல் வெளியீடான 3.2.1-இல் முகவரி மாற்றமும் அந்த ஓட்டைக்கான திருத்தமும் மட்டும்தான், அதனால் யாரும் தயங்காமல் மாறலாம். கோ மாட்யூல் ஆதரவு அதன் பிறகு 4-ஆம் பதிப்பில்தான் வந்தது. அருமையான வரிசை அது. ஒன்று கவனிக்க வேண்டும்: கோவில் பழைய முகவரியின் டோக்கன் வகையும் புதிய முகவரியின் டோக்கன் வகையும் வேறு வேறு. உங்கள் நிரல் புதியதையும், நீங்கள் சேர்த்த ஒரு மிடில்வேர் பழையதையும் பயன்படுத்தினால், கம்பைல் ஆகிவிட்டு ஓடும்போது வகை மாற்றத்தில் விழும். பழைய முகவரி மறைமுகமாக எங்கிருந்தாவது வருகிறதா என்று சார்புப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

மூலத் திட்டத்துக்கு ஃபிப்ஸ் சான்று (கிரிப்டோ மாட்யூல்களுக்கான அமெரிக்க அரசின் தரச் சான்று) இருக்கிறது, ஃபோர்க்குக்கும் செல்லுமா?

செல்லாது. சான்று குறிப்பிட்ட மாட்யூலின் குறிப்பிட்ட பதிப்புக்குத்தான். நிரலை மாற்றியதும் அது உங்களுடையது இல்லை, விளம்பரத்திலும் சொல்லக் கூடாது.

எங்கள் ஃபோர்க் நிறுவனத்துக்குள் மட்டும்தான். இவ்வளவும் தேவையா?

பொருத்தப்பாட்டு வேலைகளில் பாதி தேவையில்லை. ஓப்பன் எஸ்எஸ்எல்லின் ஃபோர்க்கான கூகுளின் போரிங் எஸ்எஸ்எல் அப்படித்தான் இருக்கிறது. நிரல் திறந்தே கிடக்கிறது, ஆனால் இது எங்கள் தேவைக்கு, வெளியார் பயன்பாட்டுக்கு இல்லை, ஏபிஐயோ (ஃபங்ஷன்களைக் கூப்பிடும் முறை) கம்பைல் ஆன பைனரியின் பொருத்தமோ நிலையாக இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது என்று ரீட்மீயில் எழுதிவிட்டார்கள். அதைப் பயன்படுத்தும் நிரல்களையும் அவர்களே திருத்திக்கொள்வதால், பெயர்களை விருப்பம்போல் மாற்றவும் நீக்கவும் முடிகிறது. தன்னை அடையாளம் காட்ட ஒரு மேக்ரோ வைத்திருக்கிறது. கம்பைல் செய்யும்போது எல்லாக் குறியீடுகளுக்கும் முன்னொட்டு சேர்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு, அதனால் ஓப்பன் எஸ்எஸ்எல்லோடு ஒரே செயல்முறையில் இருந்தாலும் மோதாது. இந்த இரண்டையும் உள்ளுக்குள் மட்டும் ஓடும் ஃபோர்க்கிலும் முதல் நாளே செய்துவிடுங்கள், சிவிஇ கோப்பையும் தொடங்கிவிடுங்கள். நிறுவனத்துக்குள் மட்டும் என்று பிறந்தவை வெளியே போவது உண்டு. போரிங் எஸ்எஸ்எல்லிலிருந்தே அமேசான் தன் ஏடபிள்யூஎஸ்-எல்சியைப் பிரித்து எடுத்திருக்கிறது, அதற்கும் தனி மேக்ரோ இருக்கிறது.